பதினோராம் பாடம்

போன வாரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நான் படித்து முடித்த இணையவழிப் படிப்பை நடத்துகிறவர்கள் அனுப்பியிருந்தார்கள். "எங்கள் தளத்தில் எந்த வசதிகளை எதிர்பார்க்கிறீர்கள்? மூன்றைத் தெரிவு செய்யவும்." கீழே வரிசையாகப் பெட்டிகள். திரையைக் கறுப்பு நிறத்துக்கு மாற்றும் வசதி. கூடுதல் பதக்கங்கள். காணொளியை வேகமாக ஓட்டும் வசதி. உங்கள் படத்தைச் சுற்றி வைத்துக்கொள்ள அழகான சட்டங்கள். கடைசியில் 'வேறு ஏதேனும்' என்று ஒரு சின்னக் கட்டம், அதிலும் நூற்றைம்பது எழுத்துக்கு மேல் எழுதக்கூடாது.

எதையும் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கிய பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய காலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள், அதுவும் பதக்கம் வேண்டுமா என்று.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடை பழகுகிற பிள்ளைகளையும் விட்டுப் போகிற இடம் அது. பால் கொடுப்பது, சத்துமாவு கரைப்பது, தொட்டில் ஆட்டுவது, மூக்குச் சிந்துவது, ஈரத்துணியை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் காயப்போடுவது. பதினான்கு வருடமாக இதுதான். அதற்கு முன் ஆறு வருடம் நானும் மலைக்குப் போனவள்தான்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு பிள்ளைக்காம்பரா இருந்தன. மேல் டிவிசனில் நான். கீழ் டிவிசனில் இன்னொருத்தி. என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை அக்கா என்பாள். கொழுந்தெடுக்கையில் மழைச் சறுக்கலில் விழுந்து அவளுடைய வலது முழங்கால் கெட்டுப் போனது. ஏற்றம் ஏற முடியாது, இறக்கம் அதைவிட மோசம். அதனால் அவளைக் கீழ்ப் பிள்ளைக்காம்பராவில் தற்காலிகமாக வைத்தார்கள். அந்த வருடம்தான் உத்தரவு வந்தது: சிறுபிள்ளைப் பராமரிப்பில் சான்றிதழ் இல்லாதவர்கள் பிள்ளைக்காம்பராவில் இருக்க முடியாது. எட்டு மாதம் அவகாசம். படிப்பு இணையத்தில். முடிக்காவிட்டால் எனக்கு வேறு ஏதாவது வேலை தருவார்கள். அவளுக்கு மலைதான்.

எங்களைப் பற்றி யாராவது எழுத வந்தால் சிக்னல் தேடி மரத்தில் ஏறுகிற பிள்ளைகளைத்தான் எழுதுவார்கள். எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் சிக்னல் நன்றாகவே இருந்தது. பிரச்சினை அதுவல்ல. படிப்பை உண்டாக்கியவர்கள், படிக்கிறவள் ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுதான் பிரச்சினை.

எனக்குக் கிடைத்த நேரம் மத்தியானம் அம்மாமார் பால் கொடுத்துவிட்டுப் போனபின் பிள்ளைகள் தூங்குகிற நேரம். அதிலும் எல்லாம் ஒன்றாகத் தூங்குவதில்லை. ஒன்று சிணுங்கும், எழுந்து போய் ஆட்டுவேன், திரும்பி வந்து பார்த்தால் தளம் என்னை வெளியே தள்ளியிருக்கும். பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் அப்படித்தான். மறுபடி உள்ளே போனால் காணொளி விட்ட இடத்தில் நிற்காது. முதலிலிருந்து, "அன்பான கற்போரே, வணக்கம்." முதல் பாடத்தின் முதல் மூன்று நிமிடம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அந்தக் காணொளியில் வருகிற பிள்ளைக்காம்பராவில் மஞ்சள் நாற்காலிகள், மணல் தொட்டி, ஒரு பிள்ளைகூட அழாது. பேசுகிற மிஸ் 'நுண்தசை இயக்க விருத்தி' என்பார். மூன்று தடவை கேட்டபிறகுதான், பிள்ளை விரலால் சோற்றைப் பொறுக்கித் தின்பதைச் சொல்கிறார் என்று விளங்கியது. என் பிள்ளைகள் அதைத்தான் தினமும் தரையெல்லாம் செய்கின்றன.

சந்தேகம் கேட்க ஓர் இடம் இருந்தது. "பிள்ளை அழுது எழுந்து போனால் பாடம் ஏன் மறுபடி முதலிலிருந்து வருகிறது?" என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. எங்கோ இருக்கிற என்னைப்போல ஒருத்தி: "எனக்கும்." அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவளுடைய பாடு இதைவிட மோசம். பதிவு செய்தபோது கொடுத்த போன் இலக்கம் அவளுடைய புருஷனுடையது. அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவர். அவள் உள்ளே நுழைகிற ஒவ்வொரு தடவையும் ஆறு இலக்க எண் ஒன்று அவருடைய போனுக்குப் போகும். ஐந்து நிமிடத்துக்குள் அதைப் போட வேண்டும். இரண்டு கையிலும் தகடு பிடித்து எண்ணெயோடு நிற்கிற மனிதர் எப்படி எடுப்பார்? எடுத்தாலும் அந்தச் சத்தத்தில் எண்ணைக் கத்திச் சொல்வார், இவள் ஒன்றைத் தப்பாகப் போடுவாள், மறுபடி வேறு எண் போகும். இலக்கத்தை மாற்றலாமென்று பார்த்தோம். மாற்றுவதற்கு முதலில் பழைய இலக்கத்துக்கு ஓர் எண் அனுப்புவார்களாம்.

அத்தோடு அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள், வாசிப்பு மெது. ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை கேட்பாள். கேட்டு, பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றில் எழுதுவாள். என் போனில் பச்சைக் கோடு பாதியைத் தாண்டியபோது அவளுடையது நான்காம் பாடத்தில் நின்றது.

"எதுக்குப் புள்ள எழுதிக்கிட்டு இருக்க? ஓட விட்டுட்டு கேள்விக்குப் பதில் போட்டா போதுமே," என்றேன்.

"இல்லக்கா. எனக்கு அந்தப் பதினொண்ணாவது பாடம்தான் வேணும். அதுக்கு முந்தினதெல்லாம் முடிச்சாத்தானே அத திறப்பாங்களாம்."

அப்படித்தான் இருந்தது தளம். பாடங்களின் தலைப்பெல்லாம் தெரியும், ஆனால் பக்கத்தில் சின்னப் பூட்டு. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததன் பூட்டு போகும். பதினோராவதன் தலைப்பு, குழந்தையின் செவிப்புலனை அவதானித்தல்.

அவளிடம் ஒன்றரை வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. கூப்பிட்டால் திரும்பாது. கதவைச் சாத்தினால் திடுக்கிடாது. நாங்கள் எல்லாரும் அதைப் பிடிவாதக்காரி என்றோம். இவள் மட்டும் சந்தேகப்பட்டாள். பிள்ளையின் அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "எம் புள்ளைய செவிடுங்கறியா? ஒனக்கு என்ன தெரியும், நீயும் நேத்துவரைக்கும் எங்கூட கொழுந்தெடுக்க நெர புடிச்சவதானே," என்று அந்தப் பெண் பிடித்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து இவளுக்கு ஒரே எண்ணம். படித்த மிஸ் ஒருவர் சொல்கிற அந்தப் பாடத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். தன் வாய்க்கு இல்லாத மதிப்பு போனுக்கு இருக்கும் என்று நம்பினாள்.

"நீங்க முந்திப் போயிருவீங்க. அங்க போனதும் எங்கிட்ட சொல்லுங்கக்கா. போன எடுத்துக்கிட்டு வாங்க, நானும் பாக்கறேன்."

"சொல்றேன்," என்றேன்.

மழைக்காலம் வந்தது. பிள்ளைகளுக்கு மாறி மாறிச் சளி, காய்ச்சல். எனக்கு உடம்பு ஓய்ந்து போனது. ஏழாம் பாடத்திலோ எட்டாம் பாடத்திலோ நான் சத்தத்தை நிறுத்திவிட்டேன். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன், நடுவில் நடுவில் போய் விரலால் தொட்டுவிட்டு வருவேன். காணொளி கடைசிவரை ஓடினால் போதும், பார்த்தது யார், கேட்டது யார் என்று தளம் கேட்காது. கேள்விகளுக்கு மூன்று தடவை முயலலாம். இரண்டு தடவை தப்பானால் மூன்றாவதில் எது சரி என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பதில்களைப் பால் பதிவுக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். ஒவ்வொரு பாடமும் முடிய வண்ணத் தாள்கள் பறக்கும், பதக்கம் சுற்றும், வாழ்த்துகள் என்று வரும்.

பதினோராம் பாடமும் அப்படித்தான் முடிந்தது. நூற்றுக்கு நூறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோவிலடியில் கண்டேன். "பாத்துட்டீங்களாக்கா? என்ன சொல்றாங்க?" என்று ஆவலோடு கேட்டாள். சத்தமில்லாமல் ஓடவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "பெருசா ஒண்ணுமில்ல புள்ள. எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான்," என்றேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. "பரவாயில்ல, நானும் போய்ப் பாக்கறேன்," என்றாள்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களுக்குத் தெரியாது. நிறுக்கப் போகும்போது ஒருத்தியின் கொழுந்து குறைவாக இருந்தால், அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் வேலையாகத்தான் எழுதுவார்கள். அதனால் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குகிற வழியில், கூடுதலாக எடுத்தவள் தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளி அவளுடைய பையில் போட்டுவிட்டு நடப்பாள். கேட்டுப் போடுவதில்லை. நன்றி சொல்வதுமில்லை. கங்காணி அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் திரும்பி நிற்பார். காய்ச்சலோடு போன நாட்களில் என் பையும் அப்படி எத்தனையோ தடவை நிறைந்திருக்கிறது. எனக்குக் கஷ்டத்தில் உதவுவதென்றால் அதுதான்.

அவகாசம் முடிய ஒரு வாரம் இருந்தது. என் சான்றிதழ் வந்துவிட்டது. அவள் ஒன்பதில் நின்றாள். மொத்தம் பதினாறு பாடம். அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும், போட்டுக் கொடுத்தவளே நான்தான். பின்னேரம் மூன்று மணிக்கு, கடையில் அடுப்புப் பற்றவைக்குமுன், அவளுடைய புருஷனைப் போனில் கூப்பிட்டு எண்ணைக் கேட்டேன். "நல்லதுங்கக்கா, அவ தனியா கஷ்டப்படுறா," என்றார் அவர். இரண்டு பின்னேரத்தில் ஒன்பதிலிருந்து பதினாறுவரை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பால் கொப்பியைப் பார்த்துப் பதில் போட்டு முடித்தேன். அவளிடம் சொல்லவில்லை. பையில் கொழுந்து போடுகிறவள் சொல்லிக்கொண்டா போடுவாள்? எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவள் கூப்பிட்டாள். "அக்கா, உள்ளயே போக முடியல. செவப்பா என்னமோ எழுதியிருக்கு. நீங்க வந்து வாசிங்க."

போய் வாசித்தேன். வழமைக்கு மாறான செயற்பாடு. வேறொரு மாணவரின் விடைகளோடு முழுமையாக ஒத்துப்போகிறது. கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது.

அங்கேயே நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "எனக்குத்தானேக்கா செஞ்சீங்க," என்றாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படிப்புக்குப் பொறுப்பான மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன். நான்கு நாள் முயன்று கிடைத்தது. "தப்பு பண்ணினது நான் மிஸ். அவ இல்ல. அவளுக்குத் தெரியவே தெரியாது," என்றேன்.

"விளங்குது அக்கா. ஆனா சிஸ்டம்ல அப்படி யாரு பண்ணினதுன்னு போட எடமில்லை. ரெண்டு பேரோட விடை ஒண்ணா இருந்தா பிந்திப் போட்டவங்களோடத நிப்பாட்டும். உங்களோடது சரியா இருக்கு, நீங்க பயப்பட வேணாம்."

"எனக்குப் பயமில்ல மிஸ். என்னோடத எடுத்துட்டு அவளோடதத் திறந்து விடுங்க."

மிஸ் சிரிக்கவில்லை. அலுத்துப்போன குரலில், "அப்படிச் செய்ய ஏலாது அக்கா. அடுத்த தடவை அவங்க புதுசா பதியலாம்," என்றார். அடுத்த தடவை எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் என்னைப்போல ஏதோ ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறவர்தான்.

தோட்ட அலுவலகத்தில் சான்றிதழ் இல்லாதவளை வைத்திருக்க முடியாது என்றார்கள். கீழ்ப் பிள்ளைக்காம்பராவைப் பூட்டி அதன் பிள்ளைகளையும் என்னிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண்பிள்ளையும் வந்தது. அவள் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். என் சான்றிதழைக் கினிகத்தேனையில் ஒரு கடையில் பிளாஸ்டிக் ஒட்டி, தொட்டில்களுக்கு மேலே மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன்.

சான்றிதழ் வந்தபின் பதினோராம் பாடத்தைத் தேடிப் போனேன். ஒரு தடவையல்ல, பத்துத் தடவை போயிருப்பேன். படிப்பை நிறைவுசெய்தவர்களுக்குப் பாடங்கள் மூடப்பட்டுவிட்டன என்று வந்தது. பதக்கங்களை மட்டும் பார்க்கலாம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போன வாரம் வந்த அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு அவளுடைய லயத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சுளகிலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. "இன்னும் அவங்க அவங்க போடுறாங்கக்கா, அதனால முழுப் பேரு விழுது," என்றாள். அவளுடைய பையில் மற்றவர்கள் கொழுந்து போடுவதைச் சொன்னாள்.

"என்ன வசதி வேணும்னு கேக்கறாங்க. நீ சொல்லு, எழுதறேன்," என்று போனைக் காட்டினேன்.

பெட்டிகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பதக்கம் என்றதும் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு போய், "அந்தப் புள்ள இப்ப கூப்பிட்டா திரும்புதா?" என்றாள்.

"இல்ல."

"பேசுதா?"

"சைகைதான்."

"மூணு வயசு ஆகப்போகுதேக்கா. அந்தப் பாடத்துல சொன்ன மாதிரி பாத்தீங்களா? அவ அம்மாகிட்ட சொன்னீங்களா? நீங்க சொன்னா கேப்பா, ஒங்ககிட்ட சான்றிதழ் இருக்கே."

ஒன்றரை வருடமாக நான் சுமந்துகொண்டிருந்ததை அப்போது இறக்கிவைத்தேன். "அந்தப் பாடத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது புள்ள. சத்தத்த நிப்பாட்டிட்டு ஓட விட்டேன். ஒன்னோடதும் அப்படித்தான்."

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்ப நம்ம ரெண்டு பேருல ஒருத்தருமே பாக்கலையா?" என்றாள்.

அவள் கேட்டதில் கோபம் இல்லை. போனை எடுத்தேன். 'வேறு ஏதேனும்' கட்டத்தில் எழுதினேன்: "பதினோராம் பாடத்தை எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். படித்து முடித்தவர்களுக்கும், முடிக்க முடியாதவர்களுக்கும்." அனுப்பியதும், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது என்று பூங்கொத்துப் படத்தோடு வந்தது.

எழுந்தபோது அவள் சொன்னாள்: "தட்டும் கரண்டியும் எடுத்துக்கிட்டு பின்னால நின்னு தட்டிப் பாருங்கக்கா. நான் ரெண்டு தடவ தட்டிப் பாத்தேன். எவ்வளவு தூரத்துல நிக்கணும்னுதான் தெரியல. அதத்தான் அந்தப் பாடத்துல பாக்கணும்னு இருந்தேன்."

மறுநாள் திங்கட்கிழமை. மத்தியானப் பால் முடிந்து அம்மாமார் மலைக்குத் திரும்பும்போது, அந்தப் பெண்பிள்ளையின் அம்மாவை மட்டும் கொஞ்சம் நிற்கச் சொன்னேன். சான்றிதழைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் நின்றாள். மற்றப் பிள்ளைகள் தூங்கிவிட்டன. அவளுடைய பிள்ளை மட்டும் விழித்திருந்து, சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்து பிளாஸ்டிக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சோற்றுத் தட்டையும் கரண்டியையும் எடுத்தேன். எவ்வளவு தள்ளி நிற்பது என்று எனக்கும் தெரியவில்லை. நான்கு எட்டுத் தள்ளிப் பின்னால் நின்று, என் பலமெல்லாம் சேர்த்துத் தட்டினேன்.

தொட்டில்களில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அலறிக்கொண்டு எழும்பின. வாசலில் நின்ற அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பிள்ளை நான்காவது கிண்ணத்தின்மேல் ஐந்தாவதை வைத்துவிட்டு, ஆறாவதை எடுக்கக் கையை நீட்டினாள்.